மருந்தடிக்காத பாத்தி

புகையான் என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மாமாவின் தாளடி வயல்தான் ஞாபகத்துக்கு வரும். நெருப்பில்லாமலே நெற்பயிரைக் கருக்கிவிடும் பூச்சி அது. ஐந்து மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். தண்டின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்ப்பவனுக்கு வயல் பச்சைப்பசேலென்றுதான் இருக்கும். பிறகு ஒரு நாள், புகை பட்டது போல, வட்ட வட்டமாகக் காய்ந்து சாயும்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. வீட்டில் நாலு எழுத்துப் படித்தவன் என்ற பெருமை வேறு. மருந்துக் கடையில் கொடுத்த காகிதத்தை உரக்கப் படித்துக் காட்டியவன் நான்தான். இரண்டு தரம் அடித்த பிறகு மாமா தயங்கினார்.

"மாப்பிள்ளே, அடிக்க அடிக்கப் பெருகுற மாதிரியில்ல தெரியுது? அந்த மூலையைப் பாரு. மருந்து எட்டாத இடம் பச்சையா நிக்குது."

"அதெப்படி மாமா? மருந்து போதலை. இன்னொரு தரம் அடிங்க" என்றேன்.

அத்தையின் தோடு அடகுக்குப் போயிற்று. மூன்றாவது தரமும் அடித்தார். அறுவடைக்கு மிஞ்சியது அந்த மூலை மட்டுந்தான். மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பல வருஷம் கழித்து, ஒரு நாவலுக்கு விவரம் சேகரிக்கப் போனபோது, நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் மருந்துப் பரிசோதனையைப் பார்த்தேன். ஒரே ரகம், ஒரே நாளில் நட்டது, சம அளவான பாத்திகள். ஒரு பாத்தியின் அதிர்ஷ்டத்தை நம்பக் கூடாதென்று ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று நாலு பாத்திகள். மருந்தடிப்பதற்கு முன்பும் பின்பும் ஓர் இளைஞர் குனிந்து, குத்துக் குத்தாக விலக்கிப் பூச்சிகளை எண்ணினார், சிலந்திகளையும் எண்ணினார். நடுநடுவே சில பாத்திகளுக்கு மருந்தே கிடையாது.

"இவை எதற்கு?" என்றேன்.

"இவை இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண், சார். மருந்து பூச்சியைக் கொன்றதா, வளர்த்ததா என்று எப்படித் தெரியும்?"

வளர்த்ததா! எனக்குச் சுரீரென்றது. அவர் விளக்கினார். சில மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்தியையும், அதன் முட்டையை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியையும் தீர்த்துவிடுகின்றன. புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. டெல்டாமெத்ரின் போன்றவை அரைகுறையாகப் பட்டால், தப்பிய பூச்சி முன்னைவிட அதிகமாக முட்டையிடுகிறது. இந்தோனேசியாவில் இந்தப் பாடத்தை ஒரு தேசமே படித்தது. 1986-ல் அங்கே 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று ஜனாதிபதியே தடை விதித்தார். நம் ஊரிலும் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்றுதான் சிபாரிசு.

ஊருக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அது மட்டும் வாயில் வரவில்லை. அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் சிலந்தியையும் எண்ணினானா?" என்றார்.

"எண்ணினார், மாமா."

"நல்ல பையன்" என்றார்.

அன்று மாமாவிடமும் மருந்தடிக்காத பாத்தி ஒன்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.