அமிர்தியில் ஒரு பிடி சாமை

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. பெயரைக் கேட்டதும் சாவை வெல்லும் அமிர்தம் ஞாபகம் வருகிறதல்லவா? நான் போனதோ ஒரு சாவுக்கு!

பழகிய மலையாளிப் பெரியவரை, அவர் உழுத கொல்லையோரத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி ஒரு பிடி சாமையைக் குழிக்குள் தூவினாள்.

"எதற்குப் பாட்டி?" என்றேன்.

"வெறுங்கையோடவா அனுப்புறது, தம்பி?" என்றாள்.

இதே மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம், பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன. அக்காலத்தவரும் இறந்தவரோடு பானைகளை வைத்துப் புதைத்தவர்களே. அவர்கள் வணங்கிய தெய்வத்தின் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டியின் கவலைதான் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும்.

என் தகப்பனாருக்குக் கொள்ளி வைத்த அன்று மந்திரம் சொன்னேன்; நம்பிக்கை வரவில்லை. இங்கே மந்திரமில்லை. ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன், அப்பாவுக்கும் சேர்த்து.