கோடவுன் தெருவும் ஒரு ரெடிமேட் சட்டையும்

ஐப்பசி பொறந்தாலே ஆளாளுக்கு தி.நகர் கூட்டத்தைப் பத்திப் புலம்ப ஆரம்பிச்சுடுவாங்க. நான் மட்டும் விதிவிலக்கா என்ன? ஆனா என் கொசுவத்தி கொஞ்சம் பழசு. 1996-க்குப் போகணும். மெட்ராஸ் சென்னையான வருஷம்.

எங்க வீடு ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல, செங்கம் ரோட்டுல இருந்து பிரியற ஒரு சந்துல. அப்பா தையல்காரர். ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்களுக்குத் தொளதொள காட்டன் பேன்ட்டும் ஜிப்பாவும் தைக்கிறதுதான் முக்கால்வாசி வருமானம். அவங்க வர்றது நவம்பர் கடைசியில ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும். வெயில் ஏறினா மூட்டையைக் கட்டிடுவாங்க. அதனால ஊரே போனஸ் பணத்தோட நிக்கிற தீபாவளி சமயத்துலதான் எங்க வீட்டுல காசு சுத்தமா வறண்டு கிடக்கும். எங்களுக்குப் புதுத்துணி கார்த்திகை தீபத்துக்குத்தான். அதுவும் வெட்டினதுல மிஞ்சின துணியில அப்பா தைச்சது. (சட்டை ஒரு கலர், காலர் ஒரு கலர்னு தீபம் பார்த்த ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.)

சீசனுக்குத் துணி எடுக்க வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னாடி அப்பா மெட்ராஸ் போவார். தி.நகருக்கு இல்ல, பாரிமுனை பக்கம் கோடவுன் தெருவுக்கு. மொத்த வியாபாரம். பாதி காசு, பாதி கடன். அந்த வருஷம் நான் எட்டாவது. "நானும் வர்றேம்பா"ன்னு அடம் பிடிச்சேன். கிளாஸ்ல எல்லாரும் ரெடிமேட் சட்டை போட ஆரம்பிச்சிருந்தாங்க, அதான் காரணம்.

கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் எல்லாம் 2002-லதான் வந்தது. அப்போ நம்மூர் பஸ் நேரா பாரிமுனைக்கே போகும். இறங்கினா அடைமழை. கோடவுன் தெருவுல கைவண்டியும் தலைச்சுமையுமா ஆள் நடக்க இடமில்ல. புதுத்துணிக் கஞ்சி வாசனை மழையோட சேர்ந்து மூக்கை அடைச்சது.

அப்பா வழக்கமா துணி எடுக்கற கடையில பதினோரு மணிக்குப் போய் நின்னோம். நின்னோம்னா, நிஜமாவே நின்னோம். தீபாவளி நேரம், ரொக்கம் கொடுக்கறவங்க வரிசையா வந்துட்டே இருந்தாங்க. போன சீசன் பாக்கி வேற இருந்தது. உக்காருங்கன்னு ஒருத்தரும் சொல்லல. அந்த வருஷம் அப்பாவுக்கு ஒரு கணக்கு. ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தது 1896 செப்டம்பர் 1. நூறு வருஷம் ஆகுது, கூட்டம் ஜாஸ்தி வரும், எப்பவும் எடுக்கறதைவிட ரெண்டு மடங்கு எடுத்துப் போட்டுடணும்னு. மூணு மணிக்கு முதலாளி நிமிர்ந்து பார்த்து, பாக்கியைக் கழிச்சுட்டு கையில இருக்கற காசுக்கு மட்டும் துணி தரேன்னார். வழக்கமா எடுக்கறதுல பாதிகூட வரல. அப்பா உள் பாக்கெட்ல இருந்து நோட்டை எடுத்து ரெண்டு தடவை எண்ணினார். நான் மழையையே பார்த்துட்டு இருந்தேன்.

மூட்டையை அங்கேயே விட்டுட்டு வெளிய வந்ததும், "வாடா, மாம்பலம் போலாம்"னார். எனக்கு நம்பவே முடியல. பீச் ஸ்டேஷன்ல மின்சார ரயில் ஏறினோம். ரங்கநாதன் தெருவுல நாம நடக்கவே வேணாம், கூட்டமே கொண்டுபோய்ச் சேர்த்துடும். ஒரு கடையில நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தேன். அப்பா வாங்கி, அங்கேயே உள்பக்கம் திருப்பி, ஓரத்தைக் கட்டைவிரலால தேய்ச்சுப் பார்த்தார்.

"ஒத்தைத் தையல்டா. ரெண்டு துவையல் தாங்காது."

விற்கிற பையன் ஒரு மாதிரி சிரிச்சான். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்கப்பா"ன்னேன். அவர் சட்டையைத் திருப்பி, வந்தப்ப இருந்ததைவிட நல்லா மடிச்சு, "பில் போடுங்க"ன்னார். ராத்திரி சாப்பாடு பன்னும் டீயும். பாரிமுனை திரும்பி, மூட்டையை எடுத்துக்கிட்டு கடைசி பஸ் பிடிச்சோம்.

மறுநாள் ராத்திரி மெஷின் சத்தத்துல முழிச்சுப் பார்த்தா, என் சட்டை கை தனியா, காலர் தனியா பலகை மேல கிடக்குது. அழுத அழுகையில பக்கத்து வீட்டுல விளக்கு எரிஞ்சது. காலையில ஆணியில தொங்கிச்சு. மடிச்சு அடிச்ச ரெட்டைத் தையல், காஜா மொத்தமும் கையால. கோவத்துல தீபாவளிக்கு அதை நான் போடவே இல்ல.

அந்த சீசன் நிஜமாவே நல்ல கூட்டம். எங்க துணி மார்கழியிலேயே தீர்ந்துபோச்சு. மேற்கொண்டு துணி எடுக்க காசு புரண்டப்போ சீசன் முடிஞ்சிருந்தது. சட்டை மட்டும் எனக்கு, தம்பிக்கு, மாமா பையனுக்குன்னு மூணு பேர் போட்டும் தையல் விடல. சாயம்தான் போச்சு.

2025 தீபாவளிக்கு முன்னாடி தங்கமணி, பொண்ணு சகிதம் நானும் தி.நகர் போனேன். 2024 மே மாசத்துல இருந்து நம்மூருக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நேரடி ரயில் ஓடுது. நாங்க போனப்போ விடியக்காலை நாலு மணி, டிக்கெட் அம்பது ரூபா. கடையில பொண்ணு எடுத்த டாப்ஸை நான் பாட்டுக்கு உள்பக்கம் திருப்பிப் பார்க்க, வெடுக்குனு பிடுங்கிட்டா. தங்கமணி முறைச்ச முறைப்பு தனிக்கதை :-)

வீட்டுக்கு வந்ததும் தாத்தாகிட்ட காட்டினா. அவருக்கு இப்போ எழுபத்தெட்டு. ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் ஆனதுல இருந்து மெஷின்ல உக்கார்றதில்ல. திண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், திருப்பி, கட்டைவிரலால தேய்ச்சுப் பார்த்தார்.

"கத்தரி எங்கடா வெச்ச?"

பொண்ணு என்னைப் பார்த்தா. நான் எடுத்துக் கொடுத்தேன். ஊசியில நூல் கோக்க மட்டும் அவளைக் கூப்பிட்டார்.