சுழிப்பிழை

வெர்னியர் அளவி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது பள்ளியின் இயற்பியல் ஆய்வகமும், ஓர் இரும்புக் குண்டும், அட்டவணை வரைந்த பதிவேடும்தான். தேர்வு முடிந்ததும் மறந்துவிடக்கூடிய கருவி. ஆனால் தன் கண்ணின் பலவீனத்தை அறிந்த மனிதன், அதே கண்ணின் வேறொரு பலத்தைக் கொண்டு அதைக் கடந்த கதை அதற்குள் இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்துக் கோடுகள் இட்டால் அவை கோடுகளாகத் தெரியாது, கறுப்புத் தீற்றலாகிவிடும். ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேராக நிற்கின்றனவா, ஒன்று மயிரிழை விலகியிருக்கிறதா என்று கேட்டால் அதே கண் வியப்பூட்டும் நுட்பத்துடன் விடை சொல்லிவிடும். விழித்திரையில் கூம்பு செல்களுக்கு இடையே உள்ள தொலைவைக் காட்டிலும் சிறிய விலகலைக்கூட அது உணர்கிறது. பார்வை ஆய்வாளர்கள் இத்திறனுக்கு இட்டிருக்கும் பெயரே வெர்னியர் கூர்மை என்பதுதான்.

போர்த்துகீசியக் கணித அறிஞர் பெத்ரு நூனிஷ் 1542-இல் ஒரு வழி சொன்னார். கோணமளக்கும் கால்வட்டக் கருவியில் உள்ளுக்குள் 44 வில்களை வரைந்து, ஒன்றை 89 ஆகவும் அடுத்ததை 88 ஆகவும் இப்படியே குறைத்துக்கொண்டே பிரிப்பது. எண்ணம் அருமை, செய்து முடிப்பது பெரும்பாடு. ஓர்னான் என்ற சிற்றூரில் 1580-இல் பிறந்த பியர் வெர்னியர், 1631-இல் பிரஸ்ஸல்ஸில் வெளியிட்ட நூலில், அத்தனை வில்களின் வேலையையும் நகரும் ஒரே ஒரு சிறு கோலிடம் ஒப்படைத்தார். ஜெர்மானியர்கள் இன்றும் அந்தக் கோலை நூனிஷின் பெயரால் நோனியஸ் என்றே அழைக்கிறார்கள். வரலாறு சில வேளைகளில் இருவருக்கும் பங்கு வைக்கிறது.

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் என் தந்தை ஒரு சிறு லேத்துப் பட்டறை வைத்திருந்தார். தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் முதலில் கற்ற அளவு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், இரும்பு பொறுக்காது என்பார். பட்டறையில் இருந்த வெர்னியரில் 49 மில்லிமீட்டர் நீளம் 50 பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஆகவே முதன்மைக்கோலின் ஒரு பிரிவைவிட அதன் ஒரு பிரிவு 0.02 மி.மீ. குறைவு. அதுவே அதன் மீச்சிற்றளவு. வேலை தொடங்குமுன் தாடைகளைத் துடைத்து, மூடி, சுழியும் சுழியும் சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே அவர் எதையும் அளப்பார். கடைசல் முடிந்த சூட்டோடும் அளக்கமாட்டார். 100 மி.மீ. எஃகு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.05 மி.மீ. நீண்டுவிடும் என்ற கணக்கை அவர் எங்கும் படித்ததில்லை. கை சொல்லித் தெரியும்.

1994-இல் ஒரு நிறுவனத்துக்கு 400 பம்பு தண்டுகள் கடைந்து கொடுத்தார். விட்டம் 25 மி.மீ.; 0.10 வரை குறையலாம். எங்கள் வெர்னியரில் 24.92. அங்கே ஆய்வு மேசையில் 24.88. எல்லைக்குக் கீழே. தண்டு பருத்திருந்தால் மறுபடி கடைந்து கொடுக்கலாம், மெலிந்தது மெலிந்ததுதான். செதுக்கி எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

"தம்பி, தாடையை ஒருதரம் வெறுமனே மூடிப் பாருங்க" என்றார் தந்தை. மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் உரசித் தேய்ந்திருந்த தாடைகள் சுழியைத் தாண்டி இடப்பக்கம் சென்று நின்றன. முதன்மைக்கோலோடு சேர்ந்திருந்தது 48-ஆவது கோடு. எதிர்ச்சுழிப்பிழை 0.04. அதைக் கூட்டினால் 24.92 என்று பள்ளி மாணவனும் சொல்லிவிடுவான். அந்த இளைஞரும் பார்த்தார், அவருக்கும் புரிந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான்: "வெர்னியர் கம்பெனியோடதுங்க. ஷாஃப்ட்டுதான் உங்களோடது."

தண்டுகள் அதே வண்டியில் திரும்பின. எஃகுக் கடைக்காரரின் பாக்கியைத் தீர்க்க எட்டு மாதமாயிற்று. கூலி மட்டும் அந்தச் சனிக்கிழமையே கொடுக்கப்பட்டது. அவர்கள் அளவு சரி என்றார் தந்தை.

அந்த இளைஞர் மேல் எனக்கு இன்று கோபமில்லை. கருவி பிழையானது என்று எழுதும் அதிகாரம் அவருக்கு இருந்திருக்காது. எனக்கு வியப்பளிப்பது கருவியின் நேர்மை. தன் பிழை எவ்வளவு, எந்தத் திசையில் என்பதைக் கேட்ட மாத்திரத்தில் அது சொல்லிவிட்டது. கணக்கில் சேர்க்கப்பட்ட பிழை பிழையே அல்ல, வெறும் திருத்தம். கேட்க மறுக்கும்போதுதான் அது அநீதியாகிறது.

இன்று மின்திரையில் எண் காட்டும் அளவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாடைகள் நிற்கும் இடம் எதுவானாலும் அதுவே சுழி. வசதியான ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் வெர்னியரைப் படிக்க இருவர் வேண்டுமானால் தோளோடு தோள் நின்று குனிந்து, ஒரே கோட்டைத் தேடி, "இதுதானே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வாங்குபவனும் விற்பவனும் சமமாக இருக்கக்கூடிய இடம் அந்தக் கோடு ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அங்கே குனிந்து பார்க்க இருவரும் சம்மதிக்க வேண்டும், அவ்வளவே.