திரையிற் கற்ற பாடங்கள்

"சினிமா பார்த்துப் பார்த்தே பிள்ளை கெட்டுப்போகிறான், சேர்" என்று என்னிடம் முறையிடாத பெற்றோர் மிகச் சிலரே. முன்னாளிற் படமாளிகையைக் குறித்து எழுந்த முறைப்பாடு இன்று கைத்தொலைபேசியைக் குறித்து எழுகின்றது, பொருள் ஒன்றே. அவர்களுடைய அச்சத்தை நான் எள்ளி நகையாடுவதில்லை. ஆயினும், கல்லூரியிற் கற்பிப்பதைத் தொழிலாகவும் அவ்வப்போது எழுதுவதைப் பழக்கமாகவும் கொண்ட எனக்கு, நூல்களுக்கு அடுத்தபடியாக நான்கு படங்கள் ஆசான்களாய் அமைந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

இத்தாலிய நெறியாளர் விற்றோரியோ டி சிக்கா 1948இல் ஆக்கிய "துவிச்சக்கர வண்டித் திருடர்" அவற்றுள் முதலாவது. உலக யுத்தத்தின் பின் வேலையின்றி வாடும் உரோமாபுரித் தொழிலாளி ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. அதற்குத் துவிச்சக்கர வண்டி வேண்டும். அடகிலிருக்கும் வண்டியை மீட்பதற்காக அவன் மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். அம்மூட்டையைச் சிப்பந்தி உயரத்தில் ஏறி வைக்கும்போது, கூரையளாவ அடுக்கப்பட்ட விரிப்பு மூட்டைகளைக் காண்கிறோம். ஒரு குடும்பத்தின் வறுமை ஒரு நகரத்தின் வறுமையாகிவிடுகின்றது. அதனை எடுத்துரைக்க ஒரு சொல்லும் பேசப்படவில்லை. 1990களின் முற்பகுதியில், எரிபொருள் அருமையாய்ப் போன யாழ்ப்பாணத்தில், நோயாளியையும் விறகுக் கட்டையும் துவிச்சக்கர வண்டியே சுமந்ததைக் கண்டு வளர்ந்தவன் நான். வண்டி களவுபோன கணத்தில் அம்மனிதன் முகத்திற் படர்ந்த இருளை எனக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஈற்றில் அவனே ஒரு வண்டியைத் திருடிப் பிடிபட்டு, மகன் கண்முன் அவமானப்படுகிறான். அச்சிறுவன் தந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறான். வகுப்பில் ஒரு மாணவன் குற்றஞ்செய்து தலைகுனிந்து நிற்கும்போது, அவன் வீட்டில் எது களவுபோயிற்றோ என்று இன்று என் மனம் முதலிற் கேட்கின்றது.

1950இல் இலண்டன் சென்றிருந்த சத்தியஜித் ரே இப்படத்தைக் கண்டு, தாமும் இவ்வாறே ஒரு படம் எடுப்பது என்று உறுதிபூண்டார். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் வங்க நாவலைத் தழுவி 1955இல் வெளிவந்த "பாதேர் பாஞ்சாலி" அவ்வுறுதியின் பேறு. 1952இல் நாணற்பூ வெளியொன்றிற் படப்பிடிப்பைத் தொடங்கினார். மறு வாரம் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அவை மீண்டும் பூக்கும்வரை ஓராண்டு காத்திருந்தார். கைப்பணம் தீர்ந்து மனைவியின் நகைகளும் அடகு சென்றன. ஈற்றில் மேற்கு வங்க அரசாங்கம் கைகொடுத்தது. கட்டுரையை ஒரே இரவில் எழுதி முடித்துவிடத் துடிக்கும் மாணவருக்கு நான் இக்கதையைக் கூறுவதுண்டு.

அப்படத்தில், ஊர் திரும்பும் தந்தை, மகள் இறந்ததை அறியாது, அவளுக்கென வாங்கிவந்த சேலையைத் தாயிடம் நீட்டுகிறார். தாய் கதறுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அவ்விடத்தில் தார்ஷெனாய் என்னும் வாத்தியத்தின் நாதமே ஒலிக்கின்றது. துயரத்தை எழுதப் புகுவோர் தம் அழுகையை அடக்கி, வாசகருடைய கண்ணீருக்கு இடம் விட்டு விலகி நிற்கவேண்டும் என்பதை எந்த இலக்கண நூலும் எனக்கு இத்துணைத் தெளிவாய்ச் சொல்லித் தந்ததில்லை.

மூன்றாவது, யப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவாவின் "இக்கிரு" (1952). "வாழ்தல்" என்பது அச்சொல்லின் பொருள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நகரசபைக் கந்தோரில் முத்திரை குத்துவதன்றி வேறொன்றும் செய்தறியாத ஒரு பகுதித் தலைவர், தமக்கு வயிற்றிற் புற்றுநோய் என்றும் சில மாதங்களே எஞ்சியுள்ளன என்றும் அறிகிறார். குடியும் கேளிக்கையும் ஆறுதல் தரவில்லை. கந்தோர் கந்தோராக அலைக்கழிக்கப்பட்ட ஏழைத் தாய்மாரின் விண்ணப்பத்தைக் கையிலெடுத்து, சாக்கடை தேங்கும் நிலத்தில் சிறுவர் பூங்கா ஒன்றை அமைப்பித்து, அதன் ஊஞ்சலிற் பனி பொழியும் இரவில் உயிர்விடுகிறார். அவர் பட்ட பாட்டை, அவருடைய மரண வீட்டிற் கூடிய உத்தியோகத்தர்களின் வாய்மொழியாகவே அறிகிறோம். "நாமும் அவர்போல உழைப்போம்" என்று அவ்விரவில் சூளுரைத்தவர்கள், மறுநாட் காலை பழைய நாற்காலிகளிற் பழையபடியே அமர்கிறார்கள். விடைத்தாட் கட்டுகள் மேசையில் உயர்ந்து நிற்கும் நாட்களில், முத்திரை குத்துகிறேனா, பூங்கா அமைக்கிறேனா என்று என்னையே வினவுவதற்கு அப்படம் கற்றுத் தந்தது.

நான்காவது, மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த பாலுமகேந்திராவின் "வீடு" (1988). வாடகை வீட்டை விட்டு வெளியேற வேண்டிய ஒரு பெண், தங்கையையும் முதிய தாத்தாவையும் வைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு சிறு வீடு கட்ட முயல்கிறாள். பாட்டும் நடனமும் இல்லாத அப்படத்திற் கடனும் சீமெந்தும் மழையும் ஒப்பந்தக்காரரின் களவுமே கதையை நடத்துகின்றன. அரைகுறையாய் எழும்பிய சுவர்களைத் தாத்தா தடவித் தடவிப் பார்க்கும் காட்சியில், சொக்கலிங்க பாகவதரை நடிகரென்று எண்ண இயலாது.

அக்காட்சி வரும்போதெல்லாம் என் அம்மம்மாவின் நினைவு வரும். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவில், எனக்கு வயது பதினைந்து. அம்மம்மா வீட்டைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். தென்மராட்சியில் ஓர் உறவினரின் விறாந்தையிற் படுத்திருந்த நாட்களில், உறக்கத்திலும் அவர் கை அம்முடிச்சைத் தேடும். அங்கேயே அவர் கண்மூடினார். 1996இல் நாங்கள் ஊர் திரும்பியபோது, அத்திறப்பு எங்களிடம் இருந்தது, கதவு இருக்கவில்லை.

பல ஆண்டுகளின் பின் அம்மம்மாவைப் பற்றி எழுத அமர்ந்தபோது, யுத்தத்தையும் விதியையும் குறித்து எழுதச் சொற்கள் ஏராளமாய் இருந்தன. அவற்றையெல்லாம் ஒதுக்கி, அந்தத் திறப்பையும் முடிச்சையும் மாத்திரமே எழுதினேன். அதனைப் படித்துவிட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை; எழுந்து சென்று, அலுமாரியிலிருந்து அத்திறப்பை எடுத்துவந்து என் கையில் வைத்தார். நான் பெற்ற பாராட்டுகளுள் அதற்கு மேலானது வேறில்லை.

ஆகவே, முறையிட வரும் பெற்றோருக்கு என் விடை இதுதான்: பிள்ளை எதைப் பார்க்கிறான் என்று கதவுக்குப் பின்னால் நின்று பாராமல், அவன் அருகில் அமர்ந்து பாருங்கள். மாதத்தில் ஒரு படத்தை வீட்டார் அனைவரும் கூடியிருந்து பார்த்தல் அரிய காரியமன்று. படம் முடிந்ததும் நீதி கூறத் தொடங்கவேண்டாம். "உனக்கு எந்த இடம் மறக்கவில்லை?" என்று ஒரே ஒரு வினாவைக் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். பிள்ளை சொல்லும் விடையிற் படத்தைவிடப் பிள்ளையே நமக்கு நன்கு தெரிவான்.