நிறம் போச்சு... விஷம் போச்சா?

நீங்கள் போட்டிருக்கிற டி-ஷர்ட்டின் காலருக்குள் ஒரு லேபிள் இருக்குமே, அதைக் கொஞ்சம் பாருங்கள். திருப்பூரில் தைத்ததாக இருக்க நிறையவே சான்ஸ் இருக்கு. சரி, அதுக்குச் சாயம் ஏற்றின தண்ணி எங்கே போச்சு?

இந்தக் கேள்வியோட ஒரு சனிக்கிழமை திருப்பூரில் போய் இறங்கினேன். ஹாஸ்டல் ரூம்மேட்டுக்குச் சொந்த ஊர் அதுதான். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிறான். வீட்டு மொட்டை மாடியையே லேப் ஆக்கி வைத்திருக்கிறான் படுபாவி!

அங்கே முதலில் ஒரு மூடிய கேன். உள்ளே கறுப்புச் சேறும் சிவப்புச் சாயத் தண்ணியும். காற்றே போகாத அந்த இருட்டில் பாக்டீரியாக்கள் வேலை பார்க்கின்றன. உலகத்தில் புழங்கும் சாயங்களில் பாதிக்கு மேல் 'அசோ' வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் இடத்தில்தான் அதன் நிறமே இருக்கிறது. பாக்டீரியா அந்தக் கைகளைப் பிரித்துவிட்டால் நிறம் காலி.

அடுத்த பாட்டிலைப் பார்த்தேன். தண்ணி பளிச்சென்று இருந்தது. "சூப்பர்டா, சுத்தமாயிடுச்சே!"

"அவசரப்படாதே மாப்ள. இதுதான் டேஞ்சரான ஸ்டேஜ். நிறம்தான் போச்சு. உடைஞ்ச துண்டு எல்லாம் அரோமேட்டிக் அமீன். அதுல சிலது கேன்சர் வரவைக்கும். கண்ணுக்கும் தெரியாது."

அதனால் இந்தப் பாட்டிலில் மீன் தொட்டி பம்ப் வைத்துக் காற்று ஊதுகிறான். காற்று வேண்டும் என்கிற வேறு பாக்டீரியாக்கள் அந்தத் துண்டுகளைத் தின்கின்றன. அதுவும் தின்ன மறுக்கிற மிச்சம், வெயிலில் காயும் ஒரு தட்டுக்குப் போகிறது. தட்டில் டைட்டானியம் டை ஆக்ஸைடு. சுவர் பெயின்ட்டில் வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கிற அதே பவுடர்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் தண்ணியில் ஹைட்ராக்ஸில் ராடிகல் உருவாகும். எதிரில் எந்தக் கரிம மூலக்கூறு வந்தாலும் அடித்து நொறுக்கும் முரடன் அது.

"அப்ப எல்லாத்தையும் வெயில்லயே போட்டுட வேண்டியதுதானே?"

"அடர்த்தியான சாயத்துக்குள்ள வெளிச்சம் இறங்காது. அதான் முதல்ல பாக்டீரியா, அப்புறம் வெயில்."

அமெரிக்காவின் அரிசோனாவில் புரூஸ் ரிட்மன் குழு இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டியது. 2008-ல் வந்த ஆய்வு அது. பஞ்சு மாதிரி துளைகள் உள்ள சின்னத் துண்டுகள். வெளிப்பக்கம் அந்தப் பவுடர், உள்ளே பாக்டீரியா. வெளியே முரடன் உடைக்க உடைக்க, உள்ளே ஒளிந்திருப்பவர்கள் சாப்பிட வேண்டியதுதான்!

கீழே இறங்கினால் நண்பனின் அப்பா. சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. "தப்பு எங்க மேலதானுங்க தம்பி. ஆனா ஒரே நாள்ல அத்தனை பட்டறையும் மூடுனா கூலிக்காரன் எங்க போவான்?" என்றார்.

அந்த வழக்குகளுக்குப் பின்னால் நின்ற விவசாயிகளில் ஒருவர் யார் தெரியுமா? அவருடைய மாமனாரேதான்! பல மாசம் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம்.

மறுநாள் அந்த மாமனாரைப் பார்க்க பைக்கில் கிளம்பினோம். வெயில் தட்டைத் தாண்டி வந்த தண்ணி ஒரு பாட்டிலில் என் மடியில். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகிற நொய்யலை ஒட்டியே போனால், சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டியது. தேங்கியதோ சாயக் கழிவு. 'தண்ணி தேக்குங்க' என்று கேட்கிற விவசாயிகள் உண்டு. 'தேக்காதீங்க' என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்து விவசாயிகள்.

"வாங்க தம்பி, மோர் குடியுங்க" என்று வரவேற்ற அப்புச்சி, பேரன் நீட்டிய பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணாடியாட்டம்தான் இருக்குது. என்ற கெணத்துத் தண்ணியும் இப்படித்தான் இருக்குது கண்ணு, வாயில வெச்சாத்தானே தெரியுது. இதுல உப்பு போச்சா?"

நண்பன் முகத்தில் ஈயாடவில்லை. பருத்தியில் சாயம் ஏற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டும். உப்பை வெயிலும் உடைக்காது, பாக்டீரியாவும் தின்னாது. அதைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வும், கொதிக்கவைத்து ஆவியாக்கும் இயந்திரமும் வேண்டும். கரன்ட் செலவு எகிறும்.

"இல்லீங்க அப்புச்சி. ஆனா இந்த அழுக்கு எல்லாம் முன்னாடியே போயிட்டா ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைக்காது. செலவு கொறையும். செலவு கொறைஞ்சா யாரும் ராத்திரியில திருட்டுத்தனமா திறந்துவிட வேண்டியதில்லை."

அப்புச்சி யோசித்தார். "அப்ப ஒரு அரியர் இருக்குதுன்னு சொல்லு. அதையும் எழுதிட்டு வா கண்ணு. உங்கப்பனையும் ஒருக்கா கூட்டிட்டு வா."

திரும்பும்போதும் பாட்டில் என் மடியில்தான். பளிங்கு மாதிரி இருந்தது. தாகம்தான்... ஆனாலும் மூடியைத் திறக்கத் தோணலை.