பதினெட்டு மணி நேரம்

சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் தொலைவு. இடையில் எங்கும் தரையிறங்காத விமானமும் 18 மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். காற்றின் போக்குக்கேற்பப் பாதையும் நேரமும் சற்றே மாறும்.

2023இல் என் தாயார் மரணப் படுக்கையில் இருந்தபொழுது, நியூயார்க்கில் பணிபுரிந்த என் மகள் விமானம் ஏறினாள். "வந்துசேரப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலாகும், அம்மா" என்றேன்.

1953இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்து இங்கு வந்தவர் அவர். "என் அம்மா இறந்த சேதி கடிதத்தில்தான் வந்தது, தம்பி. அதற்குள் காரியமெல்லாம் முடிந்துவிட்டது. பதினெட்டு மணி நேரம் என்ன பெரிது? காத்திருக்கிறேன்" என்றார்.

காத்திருந்தார். தம் தாயிடம் பெற முடியாமற்போன விடையைப் பேத்திக்குத் தந்துவிட்டே, மறுநாள் விடியலில் கண்மூடினார்.