மறுமொழிக்குக் காத்திருத்தல்

அன்னம், கிளி, மேகம், நெஞ்சு, தமிழ் என எவற்றையெல்லாமோ தூது அனுப்பியவர்கள் நம் புலவர்கள். தூது போகும் பொருளின் பெருமையை வகுப்பில் விரித்துரைக்கும் நாம், அனுப்பியவர் காத்திருக்கும் அருமையை அவ்வளவாகக் கருதுவதில்லை. கம்பியில்லாத் தொடர்பின் எல்லையை நீட்டித்த ஒரு முயற்சியைப் பற்றிப் படித்தபோது இவ்வெண்ணம் எழுந்தது.

1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் 2004 முதல் சிறு கண் பரிசோதனை மையங்கள் எழுந்தன. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைச் சோதிப்பார். மருத்துவர் தேனியில் இருந்தபடியே திரைவழி நோயாளியோடு பேசுவார். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேற வேண்டிய முதியவருக்கு இது எத்துணைப் பெரிய உதவி! பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இன்டெல் நிறுவனத்தாரும் அமைத்துத் தந்த இவ்விணைப்புக்குக் கருவியானது, வீட்டுக்குள் பயன்படுத்தும் அதே வைஃபை.

சில பத்து மீட்டருக்கென அமைந்த வைஃபையை 15 கிலோமீட்டர் வரை கொண்டுசெல்வது எவ்வாறு? அலையின் வலிமையைக் கூட்டலாம் என்று தோன்றும். அதற்குச் சட்டத்தின் வரம்பு உண்டு. எனவே உயர்ந்த கோபுரங்களில், ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாக்களை எதிரெதிராக நிறுத்தினர். இடையில் மலையோ மரமோ மறைக்கலாகாது. அலை சென்று சேர்ந்தது. ஆயினும் செய்தி தடுமாறியது.

காரணம் வியப்புக்குரியது. வைஃபை ஒரு துணுக்குச் செய்தியை அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்னும் மறுமொழிக்கு நிற்கும். குறித்த நேரத்தில் அது வராவிடின் செய்தி தொலைந்ததெனக் கருதி மீண்டும் அனுப்பும். 15 கிலோமீட்டர் போய்வர ஒளிவேகத்தில் செல்லும் அலைக்கும் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். அவ்வளவு பொறுமை அக்கருவிக்கு இல்லை. புறப்பட்டுவிட்ட மறுமொழி வந்து சேருமுன்பே அனுப்பியவர் நம்பிக்கை இழந்துவிடுகிறார்! ஆய்வாளர்கள் விதியை மாற்றினர். இரு முனைகளும் முறைவைத்துப் பேசும். பல துணுக்குகளுக்கு ஒருசேர மறுமொழி வரும். அதே கருவிகள் தொலைவைக் கடந்தன. மின்னழுத்த ஏற்ற இறக்கம் கருவிகளைப் பழுதாக்கியபோது, உள்ளூர்ப் பணியாளர்களே பயிற்சி பெற்றுப் பழுது நீக்கக் கற்றனர்.

நாமக்கல் சமவெளியில் வாழும் எங்களுக்குக் கொல்லிமலை கண்ணுக்கு அண்மை. அலைக்கு அது சேய்மை. 2020இல் இணையவழி வகுப்பு நடத்தியபோது, அம்மலை மாணவி ஒருத்தி வீட்டுக்கு மேலுள்ள மேட்டில் ஏறி நின்றால்தான் அவள் அலைபேசிக்கு இணைப்புக் கிட்டும். அவள் பெயரை அழைத்துவிட்டு நான் நிற்பேன். மற்ற மாணவரும் பேசாதிருப்பர். சில நொடிகள் கழித்து, காற்றின் இரைச்சலோடு ‘உள்ளேன் ஐயா’ என்று கேட்கும். அதன் பிறகே அடுத்த பெயர். வருகைப் பதிவேட்டில் அந்தச் சில நொடிகளுக்குக் கட்டம் இல்லை. அவளை வகுப்புக்குள் வைத்திருந்தவை அவையே.